ஐந்து மைலுக்குள் ஒரு சர்ச்

கொடைக்கானலில் நம்முடைய கூட்டம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இரண்டாம் நாள் காலை, கட்டுரைகள் வாசித்து முடிந்து பேச்சு கண்ட இடங்களுக்கும் போய்க்கொண்டிருந்தபோது, ஒரே பாலினத்தவர் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். நண்பர் ஒருவர் (கவிஞர், கிறிஸ்தவர், பெயர் சொல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் இருநூறு பேருக்கும் தெரியும்) சொன்னார்: “அவர்கள் எப்படி வேண்டுமானாலும் வாழட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சட்டம் வந்தால் முதல் பலி திருச்சபையின் சுதந்திரம். கோர்ட் உத்தரவோடு வந்து பீடத்துக்கு முன்னால் நிற்பார்கள். பாதிரியார் மாட்டேன் என்றால் ஜெயில்.” பதினைந்து பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். பிறகு டீ வந்தது.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நண்பர் மதவெறியர் இல்லை. அப்படி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. சொற்களின் மேல் அக்கறை உள்ளவர். ஒரு கவிதையில் ‘நிசப்தம்’ என்ற சொல் இடம் தவறி உட்கார்ந்திருப்பதாக மூன்று பக்கம் எழுதியவர். அப்படிப்பட்டவர் ‘சுதந்திரம்’ என்ற சொல்லை எங்கோ கிடந்ததை எடுத்து, தூசி கூடத் தட்டாமல் பயன்படுத்துகிறார். கேட்டுக்கொண்டிருந்த நாமும் தலையாட்டினோம். இது அவருடைய குறை மட்டும் அல்ல. படிமத்துக்காகச் சண்டை போடுகிற நம் கூட்டம், ஒரு வாதத்துக்குள் இருக்கும் சொல்லைச் சோதிப்பது நம் வேலை இல்லை என்று ஏனோ தீர்மானித்துவிட்டது.

முதலில் வழக்கைப் பார்ப்போம். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து பேரும் ஒருமனம். திருமணமாக இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்வதற்காவது அரசு ஒரு சட்ட ஏற்பு தர வேண்டும் என்றவர்கள் சந்திரசூட், கவுல் இருவர். மறுத்தவர்கள் மூவர். 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி ஆயின. இந்த வழக்கில் விவாதிக்கப்பட்டது எந்தச் சட்டம்? 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் அவரவர் மதத்தின் பேரில் உள்ள திருமணச் சட்டங்களுக்குள் போகப் போவதில்லை என்று நீதிமன்றம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. சிறப்புத் திருமணம் எங்கே நடக்கிறது? பதிவு அலுவலகத்தில். முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டி, மூன்று சாட்சிகளோடு, மின்விசிறிக்குக் கீழே பறக்கும் காகிதங்களுக்கு மேல் பேப்பர்வெயிட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி முன்னால். அந்த அறையில் பீடம் இல்லை, பாதிரியார் இல்லை. மனுதாரர்கள் கேட்டதெல்லாம் அப்படியே கிடைத்திருந்தாலும், ஒரு சர்ச்சின் ஜன்னல் கூட அசைந்திருக்காது.

ஆகவே நண்பரின் பயம் இந்த நாட்டு வழக்கிலிருந்து பிறந்தது அல்ல. பயத்தை இரவல் வாங்குவதில் தவறில்லை, நாம் எல்லாவற்றையும்தான் இரவல் வாங்குகிறோம். ஆனால் வாங்கின இடத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று பார்த்திருக்க வேண்டும்.

திருச்சபையின் சுதந்திரம் என்பது இன்றைக்கு என்ன நிலைமையில் இருக்கிறது? கிறிஸ்தவத் திருமணங்களை இன்றும் ஆள்வது 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். அதை ஒரு பிரதியைப் படிப்பதுபோல் ஊன்றிப் படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் போதுமானது. அலுப்பாக இல்லை, பல நாவல்களைவிட நன்றாக இருக்கிறது. சபை ஊழியர்களுக்குத் திருமணம் நடத்தி வைக்க லைசென்ஸ் தருவது மாநில அரசு. தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அதே அரசுக்கு அதிகாரம். திருமணம் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணிக்குள் நடக்க வேண்டும். ஆங்கிலிக்கன் குரு சர்ச் அல்லாத வேறிடத்தில் மணம் முடித்து வைக்கலாகாது. ஆனால் மிகக் குறுகிய சாலை வழியாக ஐந்து மைலுக்குள் சர்ச் எதுவும் இல்லையென்றால் செய்யலாம். (மிகக் குறுகிய சாலை! இந்த வாக்கியத்தை எழுதிய கனவான் பெருமாள்மலையிலிருந்து ஒரு தடவை நடந்து பார்த்திருக்க வேண்டும்.) ஆயரின் அனுமதியோ விசேஷ லைசென்ஸோ இருந்தால் நேரத்திலும் இடத்திலும் விலக்கு உண்டு. அதிகாரம் இல்லாத ஒருவர் மணம் நடத்தி வைத்தால் பத்து ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டப்படி நடக்காத கிறிஸ்தவத் திருமணம் செல்லாது.

அதாவது, யார் நடத்த வேண்டும், எங்கே, எத்தனை மணிக்குள், எந்தச் சொற்களைச் சொல்லி என்று எல்லாவற்றையும் அரசாங்கம் நூற்றைம்பது வருஷமாகத் தீர்மானித்து வருகிறது. கடிகாரத்தைக் கூட அரசாங்கம் பார்த்துச் சொல்கிறது. இதைச் சுதந்திரத்தின் மேல் விழுந்த அடி என்று சொல்லி எந்த ஆயராவது உபவாசம் இருந்தாரா? இல்லை. சட்டம் தருவது சபைக்கு வேண்டியிருக்கிறது. பாதிரியாரின் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு அரசின் முத்திரை விழுகிறது. இந்த வசதிக்காக நேரத்தையும் தூரத்தையும் ஒப்புக்கொண்டார்கள். அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. இத்தனை நாள் இது உறுத்தாதவர்களுக்கு, தாங்கள் கால் வைக்கவே தேவையில்லாத ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரோ இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் மட்டும் சுதந்திரம் பறிபோகிறது என்றால், அந்தச் சொல்லுக்கு வேறு ஏதோ அர்த்தம் இருக்க வேண்டும்.

பாதிரியாரை ஜெயிலில் போடுவார்கள் என்பதற்கும் இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தின் 58, 59-ஆம் பிரிவுகள். பிறர்மனை நாடிய குற்றத்துக்காக மணமுறிவு பெற்றவருக்கு மறுமணம் செய்து வைக்க எந்த ஆங்கிலிக்கன் குருவையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மறுப்பதற்காக அவர் மேல் வழக்கும் கூடாது. அவர் மறுத்தால், செய்து வைக்கச் சம்மதமுள்ள வேறொரு குருவுக்குத் தன் சர்ச்சைத் திறந்துவிட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் மனசாட்சிக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. மறுக்கிற குருவின் மனசாட்சிக்கும், சம்மதிக்கிற குருவின் மனசாட்சிக்கும், இரண்டுக்கும். இந்தக் கடைசி விஷயத்தை நண்பர் கவனிக்க வேண்டும், திரும்பவும் வருவேன்.

கத்தோலிக்கர்கள் விஷயம் இன்னும் தெளிவு. அவர்களுடைய சபை மணமுறிவையே ஏற்பதில்லை. கோர்ட் கொடுக்கிறது, சபை ஏற்பதில்லை. சபையின் நீதிமன்றம் ஒரு திருமணத்தை ரத்து செய்தால் அதற்குச் சிவில் சட்டத்தில் மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லிவிட்டது. இரண்டு கணக்குப் புத்தகங்கள், இரண்டும் தனித்தனி. கோர்ட்டில் விவாகரத்து வாங்கிய கத்தோலிக்கர் எத்தனையோ பேர் பதிவு அலுவலகத்தில் மறுமணம் செய்துகொண்டு வாழ்கிறார்கள். அவர்களில் யாரும் பாதிரியாரைக் கோர்ட்டுக்கு இழுத்து மந்திரம் சொல்ல வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விவாகரத்தில் நடக்காதது இதில் நடக்கும் என்று சொல்ல ஆதாரம் வேண்டும்.

இனி, கூட்டம் நடந்த இடத்துக்கு வருகிறேன். நண்பர் அந்த வாக்கியத்தைக் கொடைக்கானலில் வைத்துச் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது.

நான் மதுரையில் அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். அதை 1881-இல் பசுமலையில் தொடங்கியவர்கள் அமெரிக்கன் மதுரை மிஷன்காரர்கள். மிஷன் மதுரைக்கு வந்தது 1834-இல். காலராவிலும் காய்ச்சலிலும் குழந்தைகளையும் மனைவிகளையும் வரிசையாகப் புதைத்துவிட்டு, மிச்சமிருந்தவர்கள் உயிர் பிழைக்க பழனி மலைத்தொடரில் ஏறி 1845-இல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். ஊட்டி, சிம்லாவைப்போல ஆங்கிலேய அதிகாரிகள் இளைப்பாறப் பிறந்த ஊர் அல்ல கொடைக்கானல். சவக்குழிகளிலிருந்து தப்பி வந்த அமெரிக்கப் பாதிரிகள் உண்டாக்கிய ஊர். நாம் கூடிப் பேசியதும் அந்த ஊர்தான்.

அந்த அமெரிக்கர்கள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் சபையினர். ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்க வேண்டும், ராஜாவோ ஆயரோ தலையிடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. 1847-இல், மலையில் வீடு கட்டிய இரண்டாம் வருஷம், சாதியைக் கைவிடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று மதுரை மிஷன் தீர்மானித்தது. தாழ்த்தப்பட்டவரோடு உட்கார்ந்து சாப்பிடு, இல்லையென்றால் வெளியே நில். உறுப்பினர்கள் போனார்கள், உபதேசிகள் போனார்கள். போனால் போகட்டும் என்று இருந்தார்கள். இதைத்தான் நான் திருச்சபையின் சுதந்திரம் என்று சொல்வேன். ஊர் என்ன சொல்கிறதோ அதற்கு எதிராகத் தன் வேதத்தைப் படிக்கிற சுதந்திரம். (நம்மூர் சபைகள் பிற்பாடு இதில் எவ்வளவு தூரம் பின்வாங்கின, கல்லறைத் தோட்டத்தில் எத்தனை சுவர்கள் எழுந்தன என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமக்கள் தேவை விளம்பரங்களில் சி.எஸ்.ஐ., ஆர்.சி. என்பதற்குப் பக்கத்தில் என்ன அச்சாகிறது என்று பார்த்தால் போதும். அங்கெல்லாம் வேதாகமம் குறுக்கே வருவதில்லை.)

மிஷனின் இந்தியச் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கியச் சபையிலும், அதன் வழியாக 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்தன. அமெரிக்காவில் இருந்த தாய்ச்சபை 1957-இல் வேறொரு சபையோடு சேர்ந்து ‘யுனைட்டட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட்’ ஆயிற்று. ஆக, கொடைக்கானலைக் கட்டியவர்களுக்கு இன்றைக்கு இரண்டு வாரிசுகள். ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே.

அங்கே இருக்கும் வாரிசு என்ன செய்தது? 2005-இல் அதன் பொதுமன்றம் ஒரே பாலினத்தவருக்கும் சமமான திருமண உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதைக்கூட விடுங்கள், தீர்மானங்கள் நாமும் போடுகிறோம். வட கரோலினா மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஆணும் பெண்ணும் சேர்வதே திருமணம் என்று அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அந்த மாநிலத்தில் அரசு லைசென்ஸ் இல்லாத ஜோடிக்குப் பாதிரியார் மணம் செய்து வைப்பது குற்றம். ஒரே பாலின ஜோடிக்கு லைசென்ஸ் கிடைக்காது. எனவே அவர்களுக்குத் திருமணம் செய்து வைக்கும் பாதிரியார் குற்றவாளி ஆகிறார். 2014 ஏப்ரலில் அந்தச் சபை சார்லட் நகரத்துக் கோர்ட்டுக்குப் போனது. அது வைத்த வாதம்: எங்கள் வேதத்தை நாங்கள் படிக்கிறபடி இந்த ஜோடிகளுக்கு நாங்கள் மணம் செய்து வைக்க வேண்டும். அரசு தடுக்கிறது. ஆகவே எங்கள் மத சுதந்திரம் மீறப்படுகிறது.

ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு இருக்கும் தடையே திருச்சபையின் சுதந்திரத்தின் மேல் கை வைப்பது என்று ஒரு திருச்சபையே கோர்ட்டில் நின்று சொன்னது. 2014 அக்டோபர் 10 அன்று தடை நீக்கப்பட்டது. தீர்ப்பு மத சுதந்திரத்தின் பேரில் எழுதப்படவில்லை. மேல் கோர்ட் இன்னொரு மாநில வழக்கில் சமத்துவத்தின் பேரில் சொன்னதைப் பின்பற்றியது. அதனால் வாதம் ஜெயித்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. கேட்டவர்கள் நாம் டீ குடித்த ஊரைக் கட்டியவர்களின் பேரர்கள்.

இப்போது நண்பரின் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். ‘திருச்சபையின் சுதந்திரம்’ என்கிறார். எந்தத் திருச்சபையின்? மறுக்க விரும்பும் சபையின் சுதந்திரம் மட்டும் சுதந்திரமா? நாளைக்கு இந்த மலையில், வத்தலகுண்டில், திண்டுக்கல்லில், ஒரு சிறிய சபை கூடி ஜெபித்து, யோசித்து, இரண்டு பெண்களுக்கு மணம் செய்து வைக்கலாம் என்று முடிவு செய்தால்? அந்தத் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்தச் சபையின் சுதந்திரத்தைப் பற்றி நண்பர் ஒரு கணம் யோசித்தாரா? 1869-இல் சட்டம் எழுதிய வெள்ளைக்காரன் யோசித்திருக்கிறான். மறுக்கும் குருவுக்கு ஒரு பிரிவு, சம்மதிக்கும் குருவுக்கு அடுத்த பிரிவு. அவனுக்கு இருந்த நிதானம் ஒரு கவிஞருக்கு இல்லை.

சபைகள் இத்தனை நாளும் சுதந்திரத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன என்றும் நினைக்க வேண்டாம். 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஆம் பிரிவை வெட்டியபோது மேல்முறையீட்டுக்கு ஓடியவர்களில் அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பு ஒன்றும் உத்கல் கிறிஸ்தவ அமைப்பு ஒன்றும் இருந்தன. அங்கே பீடமும் இல்லை, மந்திரமும் இல்லை. பூட்டிய அறைக்குள் இருவர் செய்வதற்குப் பத்து வருஷமோ ஆயுளோ சிறை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 2013-இல் அது ஜெயித்தது, 2018 செப்டம்பர் 6 அன்று தோற்றது. (அந்த வருஷம் இந்த மலையில் குறிஞ்சி பூத்திருந்தது. இதைக் கவிதையாக்கி எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம்.) மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2013 தீர்ப்பு வந்தபோது, மும்பைப் பேராயராக இருந்த ஆஸ்வால்ட் கிரேசியஸ், திருமணத்தை ஏற்க மாட்டோம், ஆனால் இதைக் குற்றமாக்கச் சபை கேட்கவில்லை என்ற பொருளில் பேசினார். கௌரவமான நிலை. இரண்டு கணக்குப் புத்தகங்கள் என்று நான் சொன்னதை ஒரு கார்டினல் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

இன்னும் ஒன்று. 2002-இல் தமிழ்நாட்டு அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது சபைகள் தெருவுக்கு வந்தன. மதம் மாறினால் கலெக்டருக்குத் தகவல் தர வேண்டும் என்ற விதிதான் எல்லோரையும் கொதிக்க வைத்தது. ஒரு மனிதனின் மனசாட்சிக்குள் நடப்பதைக் கலெக்டர் ஆபீஸில் ஏன் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். சரியான கேள்வி. 2004-இல் சட்டம் போயிற்று. வேறு பல மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டங்கள் இருக்கின்றன, பாதிரியார்கள் கைதாகிறார்கள். இந்த நாட்டில் கிறிஸ்தவர்களுக்கு அரசைக் கண்டு பயம் இருப்பது நியாயம். அந்தப் பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் தன் வீட்டு வாசலில் நிற்கும் போலீஸ்காரனைக் கண்டு நடுங்குகிறவர், அதே போலீஸ்காரனுக்கு அடுத்த வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுப்பதை மட்டும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இதுவரை படித்துவிட்டு நம்முடைய முற்போக்கு நண்பர்கள் குஷியாக இருப்பார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. கூட்டத்துக்குப் பிறகு பஸ்ஸில் இறங்கும்போது ஒருவர் சொன்னார், “சர்ச் கதவையும் கோர்ட் திறக்கத்தான் வேண்டும், கோயில் கதவைத் திறக்கவில்லையா?” என்று. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோயிலில் நுழைவது வேறு, குருவின் வாயில் ஒரு ஜெபத்தைத் திணிப்பது வேறு. டென்மார்க்கில் 2012-இல் பாராளுமன்றமே சட்டம் போட்டு, அரசுச் சபையின் கோயில்களில் இந்தத் திருமணங்கள் நடக்க வேண்டும் என்றது. தனிப்பட்ட பாதிரியார் மறுக்கலாம், அவ்வளவுதான் இடம். அங்கே பாதிரியார் அரசு ஊழியர், சபையே அரசின் இலாகா. அது அவர்கள் தலைவிதி. இங்கிலாந்தில் 2013-இல் நேர்மாறாகச் செய்தார்கள். எந்தச் சபையையும் கட்டாயப்படுத்த முடியாதபடி பூட்டுமேல் பூட்டாகப் போட்டார்கள். விரும்பும் சபை பெயர் பதிந்துகொள்ளலாம், ஆங்கிலிக்கன் சபைக்கு அதுவும் கிடையாது. நமக்கு வேண்டியது இரண்டாவதன் பக்கமாகவே இருக்க முடியும். மறுக்கும் பாதிரியார் எனக்குப் பிடிக்காதவராக இருக்கலாம். அவர் மறுப்பதற்கு உள்ள உரிமை எனக்கு வேண்டும். இல்லையென்றால் வட கரோலினாவில் சம்மதித்த பாதிரியாருக்கு உரிமை இருந்தது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பாதிரியாருக்கு உள்ள இந்த உரிமை குமாஸ்தாவுக்குக் கிடையாது. 2015-இல் கென்டக்கி மாநிலத்தில் ஓர் அரசு அலுவலகத்து அம்மாள், கிம் டேவிஸ், தன் மதத்தின் பேரில் திருமண லைசென்ஸ் தர மறுத்துச் சில நாள் சிறையில் இருந்தார். ‘பாதிரியார் ஜெயில்’ என்று நண்பர் எங்கோ கேட்டது இதுவாக இருக்கலாம். சிறைக்குப் போனது பாதிரியார் இல்லை, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர். கவுண்டர் அவருடைய சொந்தம் அல்ல.

நம் ஊரிலும் தடையாக நின்றது பெரும்பாலும் சாமி இல்லை, கவுண்டர்தான். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. 1967-இல் அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், புரிகிற பாஷையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ தாலியோ போட்டாலோ போதும். புரோகிதர் இல்லாமல் எத்தனையோ கல்யாணங்கள் நடந்தன. எந்தப் புரோகிதரையும் அரசு கட்டி இழுத்து வந்து மேடையில் நிற்க வைக்கவில்லை. எந்தக் கோயிலிலும் மேளம் நிற்கவில்லை. அந்தப் பிரிவு ‘எந்த இரு இந்துக்களுக்கும்’ என்று ஆரம்பித்து, நாலு வரி தள்ளி ‘மனைவி’, ‘கணவர்’ என்று சுதாரித்துக்கொள்வதை விமர்சகர்கள் கவனிக்கலாம். தூத்துக்குடியில் 2018 அக்டோபரில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் கோயிலிலேயே திருமணம் நடந்தது. பதிய மறுத்தது பதிவு அலுவலகம். ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் சொன்ன பிறகுதான் பதிந்தாக வேண்டியிருந்தது. ஒரு சொல்லை இவ்வளவு ஊன்றிப் படித்த விமர்சனக் கட்டுரை அந்த வருஷம் நம் பத்திரிகைகளில் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கவுண்டரைப் பற்றி எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். மலைப்பக்கத்துக் கிளை ஒன்றில் நான் இருந்தபோது இரண்டு அம்மாக்கள் வருவார்கள். ஊரும் தொழிலும் சொல்லப்போவதில்லை. இருவரும் ஓய்வு பெற்றவர்கள், முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீடு. வீடு மூத்தவர் பெயரில். ஞாயிறு தவறாமல் சர்ச். மூத்தவர் ஒரு வைப்புத்தொகைக்கு இளையவரை நாமினியாகப் போட்டார். நாமினேஷன் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: ‘வைப்பாளருடன் உறவு, இருந்தால்’. அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் அதில் ஒரு கோடு இழுத்து, அடுத்த கட்டத்தில் வயதை எழுதினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மூத்தவர் இறந்தார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். முதல் வரிசையில் சமவெளியிலிருந்து வந்த தம்பியும் குடும்பமும். இளையவர் நாலாவது வரிசையில், சபைப் பெண்களோடு. பாதிரியார் நல்ல மனிதர். ஜெபத்தில் ‘சகோதரியின் தோழி’ என்று ஒரு தடவை சொன்னார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது, அவர் மேல் எனக்குக் குறை இல்லை. வைப்புத்தொகையை நாமினியிடம் கொடுத்தோம். நாமினி என்பவர் வாரிசுக்காகப் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்பவர், அவ்வளவே. உயில் இல்லை. 1925-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவனும் குழந்தையும் பெற்றோரும் இல்லாத கிறிஸ்தவப் பெண்ணின் சொத்து உடன்பிறந்தவர்களுக்கு. தம்பி கெட்டவர் இல்லை. மூன்று மாதம் டைம் கொடுத்தார். வீட்டில் இப்போது ஹோம்ஸ்டே போர்டு தொங்குகிறது.

இங்கே எந்த இடத்தில் திருச்சபையின் சுதந்திரம் குறுக்கிட்டது? பதிவு அலுவலகத்தில் அவர்கள் ஒரு கையெழுத்துப் போட்டிருக்க முடிந்திருந்தால் பாதிரியார் செய்ய வேண்டியது என்ன மாறியிருக்கும்? ஒன்றும் இல்லை. அதே ஜெபம், அதே மண். வீடு மட்டும் அந்த அம்மாவிடம் இருந்திருக்கும்.

2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன்பால் உறவில் இருப்பவர்கள் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று. எங்கள் சங்கத்து ஆட்கள் சிலர் புரட்சி என்றார்கள். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. தடை முன்பும் கிடையாது. தடை இருந்தது கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்கள் மண்டைக்குள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிரித்து வைத்த இரண்டு பெண்கள் வழக்கில், குடும்பம் உண்டாக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. நல்ல வாக்கியம். அதை வைத்துக்கொண்டு வாரிசுச் சான்றிதழ் வாங்க முடியாது.

நண்பர் பதில் எழுதுவார் என்று நம்புகிறேன். ஆசிரியர் அடுத்த இதழில் நாலு பக்கம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். மறுத்ததற்காக எந்த நாட்டில் எந்தப் பாதிரியார் சிறை போனார் என்பதை வருஷத்தோடு அவர் எழுத வேண்டும். 1872, 1869 சட்டங்கள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. விலாசம் மாறவில்லை என்றால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பி வைக்கிறேன்.